வியாழன் மதியம் சத்தம் போடுவோம்

கொமூன் எங்கள் சமையலறையை மூடப்போகிறது என்று மனேஜர் வந்து சொன்னபோது அத்தே மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தார். கேட்டு முடித்தார், கையைக் கழுவினார், துடைத்தார், பிறகு சிரிக்கத் தொடங்கினார். மனேஜர் பயந்துபோனார். அவர் அழுகைக்குத் தயாராக வந்திருந்தவர். கையில் கடதாசிக் கைக்குட்டைப் பெட்டிகூட இருந்தது.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லம் டென்மார்க்கின் ஹேர்னிங் நகரிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறது. அத்தே அங்கே தலைமைச் சமையற்காரர். மணிலாவில் பிறந்து, டேனிஷ்காரர் ஒருவரைக் கட்டி, இங்கே வந்து பிள்ளைகளையும் வளர்த்து அனுப்பிவிட்டவர். அத்தே என்றால் அவருடைய மொழியில் அக்கா. இல்லத்தில் மனேஜர் முதல் தொண்ணூறு தாண்டியவர்கள் வரை எல்லாருக்கும் அவர் அக்காதான். அவருக்கு உதவியாக இருப்பவர் எங்களுடைய ஆள், வடமராட்சிக்காரி. என்னைவிட இளையவர் என்பதால் நான் அவரைத் தங்கச்சி என்று கூப்பிடுவேன். நான் அங்கே பராமரிப்பாளர். அதற்கு முன்னர், வேறொரு வாழ்க்கையில், யாழ்ப்பாணத்துப் பத்திரிகையொன்றில் செய்தி திருத்தும் மேசையில் இருந்தேன்.

நாங்கள் மூவரும் பேசுவது டேனிஷ், மூன்று விதமாக உடைந்த டேனிஷ். என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

கொமூன் என்பது எங்கள் நகரசபை. இனிமேல் எல்லா முதியோர் இல்லங்களுக்கும் ஒரே பெரிய சமையற்கூடத்திலிருந்து சாப்பாடு வரும் என்பது அவர்களுடைய திட்டம். குளிரவைத்து, பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடிய பெட்டிகளில் வரும். நாங்கள் சூடாக்கிக் கொடுத்தால் போதும். அத்தேக்கு அந்தப் பெரிய கூடத்தில் பெட்டி நிரப்பும் வேலை தருவதாகச் சொன்னார்கள்.

"ஆர் சாப்பிடுகினம் எண்டு தெரியாமல் என்னால உப்புப் போடேலாது," என்றார் அத்தே, சமையலறையைச் சுற்றிக் கையைக் காட்டி. "குசினி போனால் நானும் போறன். ஆனால் குசினி போகாது."

"அதென்னெண்டு போகாது? கொமூன் முடிவெடுத்தால் எடுத்ததுதானே," என்றார் தங்கச்சி.

"எடுக்கப் போகினம். இன்னும் எடுக்கேல்லை. அதுக்கு முதல் அவையின்ர குழு இங்க வந்து கிழவன் கிழவியளோட கதைக்கோணும். வியாழக்கிழமை வருகினம். நாங்கள் சட்டி தட்டுவம்."

சட்டி தட்டுவது என்றால் என்னவென்று விளங்க, அவர் மணிலாவில் வளர்ந்த கதையைச் சொல்லவேண்டியிருந்தது. பின்னேர இடைவேளைகளில், கோப்பி ஆறிப்போக, துண்டு துண்டாகச் சொன்னார்.

அந்த நாட்டு ஜனாதிபதி இராணுவச் சட்டம் கொண்டுவந்தபோது அத்தே சின்னப் பிள்ளை. காலையில் எழும்பித் தொலைக்காட்சியைப் போட்டால் ஒன்றும் இல்லை. தகப்பனார் வானொலிக் குமிழை இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கலுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். எங்கும் இரைச்சல்தான்.

"எனக்கு நாடு போனது தெரியேல்லை. கார்ட்டூன் போனதுதான் தெரிஞ்சுது. நிலத்தில உருண்டு குளறினன்."

"பேப்பர்?" என்று கேட்டேன்.

"வரேல்லை. அப்பா வாசல்ல நிண்டு நிண்டு பாத்துப்போட்டு உள்ள வந்திட்டார். பேந்து கொஞ்ச நாளால வந்த பேப்பரில எல்லாமே நல்ல செய்தி."

நல்ல செய்தி மட்டும் வரும் பத்திரிகையில் திருத்தும் மேசை எப்படி வேலை செய்யும் என்பது எனக்குத் தெரியும்.

நள்ளிரவுக்குப் பிறகு ஊரடங்கு. பிடிபட்டவர்களை முகாமுக்குக் கொண்டுபோய் விடியும்வரை புல்லுப் பிடுங்க வைப்பார்களாம். அத்தேயின் மாமா ஒருவர் சீட்டாடப் போய், நேரம் மறந்து, திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறார். கடைசியில் மாமி அவர் வெளிக்கிடும்போதே ஒரு பொதி சோறும் பழைய கையுறையும் கொடுத்தனுப்பத் தொடங்கினாராம். "முகாம் முற்றம் அந்த மாதிரித் துப்புரவு. எங்கட வீட்டு முற்றத்தில புல்லு முழங்கால் உயரம்," என்று அத்தே மேசையில் அடித்துச் சிரித்தார்.

வதந்தி பரப்பினால் குற்றம். ஆட்சியைப் பற்றிய பகிடியும் வதந்திதான். அதனால் அவருடைய தாயார் பகிடி சொல்ல முன்னர் யன்னல்களைப் பூட்டுவார். யன்னல் பூட்டும் சத்தம் கேட்டதுமே பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். பகிடி அதற்குப் பிறகுதான் வரும். வெப்பமான ஊர், பூட்டிய அறை, வியர்க்க வியர்க்கச் சிரிப்பு.

அடுத்த வீட்டில் ஒரு மாணவன் இருந்தான். கிற்றார் பழகிக்கொண்டிருந்தான். ஒருநாள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. இதைச் சொன்ன அன்று அத்தே கோப்பியைக் குடித்துமுடித்தார். எங்கள் குவளைகளையும் எடுத்துக் கழுவினார்.

அவருக்குப் பதினாறு வயதானபோது ஒரு தேர்தல் வைத்தார்கள். ஆட்சியை எதிர்த்துப் பேசிய தலைவர் ஒருவர் சிறைக்குள் இருந்தபடி போட்டியிட்டார். வெல்ல விடமாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே முதல்நாள் இரவு, குறித்த நேரத்துக்கு, எல்லாரும் தங்கள் தங்கள் வீட்டிலிருந்து சத்தம் போடுவது என்று வாய்வழியாகப் பரவியது. பேச்சில்லை, கோஷமில்லை, வெறும் சத்தம். அத்தே சோற்றுப்பானையின் மூடியை அகப்பையால் அடித்தார். தாயார் இரண்டு மூடிகளைத் தாளம்போல அடித்தார். தகப்பனார் அயலவருடைய காருக்குள் ஏறி ஹோர்னை அழுத்தினார். மாதா கோயில் மணிகள் அடித்தன. நாய்களும் சேர்ந்துகொண்டன.

"இராணுவ ஜீப் ஒண்டு வந்துது. வந்து நிண்டுது. ஆரைப் பிடிக்கிறது? முழுத் தெருவையும் பிடிக்கோணும். சட்டி வைச்சிருக்கிறது குற்றமெண்டு சட்டமில்லையே. அப்பிடியே திரும்பிப் போட்டுது. எனக்கு அண்டைக்கு வந்த சந்தோசம் இருக்கே, கலியாணத்திலயும் வரேல்லை."

தங்கச்சி வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "எங்கட ஊரில ஊரடங்கு எண்டால் கைதவறி ஒரு மூடி விழுந்தாலே அம்மா முதுகில போடுவா. விளக்கும் இல்லை, இருமலும் இல்லை. என்ன அண்ணை?"

"ஓம்," என்றேன். நாங்கள் சத்தமில்லாமல் இருந்து தப்பியவர்கள். அவர்கள் சத்தம் போட்டுத் தப்பியவர்கள். எது சரியென்று சொல்ல எனக்குத் தகவல் போதாது. ஊர்கள் வேறு, நீட்டிய துவக்குகள் வேறு.

"எத்தனை பேர் தட்டியிருப்பினம்?" என்று பழக்கதோசத்தில் கேட்டேன்.

"எண்ணின ஆக்கள் ஆரும் தட்டேல்லை. தட்டின ஆக்கள் ஆரும் எண்ணேல்லை."

"சரி, இப்ப அங்க ஆர் ஆளுறது?" என்றார் தங்கச்சி.

"அண்டைக்குச் சட்டம் போட்ட அந்த ஆளின்ர மகன்."

"ஐயோ! அப்ப என்னத்துக்கு இவ்வளவு தட்டு?"

"அந்த ராத்திரிக்குத் தட்டினது, பிள்ளை," என்றார் அத்தே. "இப்ப இருக்கிறதுக்கு இப்ப இருக்கிற பெடியள் தட்டட்டும். எனக்கு இங்க வேலை இருக்கு."

திட்டத்தை இல்லவாசிகள் சபையில் வைத்தோம். டென்மார்க்கில் முதியோர் இல்லத்துக்கும் ஒரு சபை உண்டு, கூட்டம் உண்டு, நிகழ்ச்சிநிரல் உண்டு. எங்கள் சபைத் தலைவர் ஓய்வுபெற்ற தபால் அதிபர். கழுத்துப் பட்டி இல்லாமல் அறையை விட்டு வெளியே வரமாட்டார். முதலில் கோப்பி, பிறகு கடந்த கூட்ட அறிக்கை. மூன்றாவதாகத்தான் கிளர்ச்சி.

"எவ்வளவு சத்தம்?" என்று கேட்டார் தலைவர்.

"ஏலக்கூடிய அளவு," என்றார் அத்தே.

"அது அளவு இல்லையே."

அரைமணி நேரம் விவாதித்தார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் தட்டக்கூடாது என்று ஒரு திருத்தம் வந்தது. மதியத் தூக்கத்துக்கு இடைஞ்சல் வராமல் சாப்பாட்டுக்கு முன்னரே முடிக்கவேண்டும் என்று இன்னொன்று. இளமையில் பால்மாடு வைத்திருந்த ஒரு கிழவர் மட்டும் எழுந்து எதிர்த்தார். "இது மரியாதை இல்லை. நான் என்ர மாடுகளுக்கே சத்தம் போட்டதில்லை." கை உயர்த்தச் சொன்னார்கள். எல்லாரும் ஆதரவு, பால்காரருடைய ஒரு கை எதிர்ப்பு.

பிறகுதான் தலைவர் அறிவித்தலைப் பற்றிச் சொன்னார். இங்கே அடுக்குமாடி வீட்டில் பிறந்தநாள் கொண்டாடினாலும், இன்ன நாள் கொஞ்சம் சத்தம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிப் படிக்கட்டடியில் ஒட்டிவிடுவார்கள். அதே ஒழுங்கில் அவரும் எழுதினார்: "வியாழன் மதியம் சத்தம் போடுவோம். பத்து நிமிடம் மட்டும். உங்கள் புரிந்துணர்வை எதிர்பார்க்கிறோம்." அயல்வீடுகளுக்குப் போட்டார்கள். ஒரு பிரதி கொமூனுக்கும் போனது. வருகிறவர்கள் திடுக்கிடக்கூடாது அல்லவா.

அத்தே தலையில் கையை வைத்துக்கொண்டார். "அடக்கிறவனுக்கே அறிவித்தல் அனுப்பிற சனத்தை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்!"

தங்கச்சி குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து, சிரிப்புத் தாளாமல் அப்படியே சறுக்கி நிலத்தில் இருந்துவிட்டார்.

கொமூனிலிருந்து பதிலும் வந்தது. தகவலுக்கு நன்றி, சந்திப்பை ஆவலோடு எதிர்பார்க்கிறோம், காதடைப்பான் கொண்டுவரவேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். தலைவர் கொண்டுவருவது நல்லது என்று பதில் போட்டார்.

வியாழன் காலை அத்தே வழக்கத்தைவிட முந்தி வந்து அடுப்பை மூட்டினார். பன்றி இறைச்சியைத் துண்டு துண்டாக வெட்டி மொறுமொறுவென்று பொரித்தார். உருளைக்கிழங்கு அவித்தார், வெள்ளைச் சோஸில் பார்ஸ்லி இலையை வெட்டிப் போட்டார். டேனிஷ் கிழவர்களின் கண்கள் இதற்குத்தான் பளபளக்கும். தங்கச்சி தன் பங்குக்கு உருளைக்கிழங்கு வைத்த ரோல்ஸ் சுட்டார். அளவு எங்கள் ஆட்களுக்கு வேண்டியதைவிட மிகவும் கூட.

"இவ்வளவும் ஆருக்கு?" என்று கேட்டேன்.

"வாறவைக்கும் சேத்து. தட்டிறது முதல் பாகம். ரெண்டாம் பாகம் அறிவித்தலில இல்லை."

பொரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கு இருபது தாண்டிய வயதில், அந்த ஜனாதிபதியை இறங்கச் சொல்லி மணிலாவின் அகன்ற தெருவொன்றில் சனம் போய் நின்றது. வானொலியில் வரச்சொல்லிக் கேட்டார்கள், போனார்கள். எதிரே டாங்கிகள் வந்து நின்றன. கன்னியாஸ்திரிகள் முன்னால் முழந்தாளிட்டுச் செபமாலை சொன்னார்கள். அத்தேயும் அவருடைய பெரியம்மாவும் ஒரு கூடை நிறையப் பாண் துண்டுகளுக்குள் கோழியும் மயோனைஸும் வைத்துக் கொண்டுபோயிருந்தார்கள்.

"டாங்கிக்கு மேல ஒரு பெடியன். என்ர வயசு இருக்கும். ரெண்டு கையாலயும் துவக்கைப் பிடிச்சிருந்தான். பெரியம்மா பாணை நீட்டினா. எந்தக் கையால வாங்கிறது? அவன் முழிக்கிறான். அவ ஏறிப்போய் வாயில வைச்சா."

"சுட்டிருந்தால்?" என்றார் தங்கச்சி.

"நானும் அதைத்தான் கேட்டன். 'வாய்க்குள்ள பாணை வைச்சுக்கொண்டு ஆரடி சுடுவான்' எண்டா. நான் கூடைக்குப் பின்னால ஒளிக்கிறன். அவவுக்கு மயோனைஸ் போதுமோ எண்டு கவலை."

குழு மதியத்துக்குச் சற்று முன்னர் வந்தது. தலைவி ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண், கெட்டியான சப்பாத்து, நேரான பார்வை. அவரோடு அதிகாரிகள் சிலர். எல்லாருக்கும் கைகொடுத்தார்கள். பிறகு வரிசையாக நின்று மஞ்சள் நிறக் காதடைப்பான்களைச் செருகிக்கொண்டார்கள். எதிரே எங்கள் ஆட்கள் நடைவண்டிகளோடும் சக்கர நாற்காலிகளோடும் நின்றார்கள். ஆளுக்கொரு மூடி, ஆளுக்கொரு கரண்டி. தலைவர் கையை உயர்த்தினார். ஒரு சிறு ஏற்பாடாக, எங்கள் ஆட்கள் எல்லாரும் காது கேட்கும் கருவிகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்கள். கை இறங்கியது.

நான் சில இரைச்சல்களைக் கேட்டவன். இது எந்த வகையிலும் சேராது. அலுமினியம், இரும்பு, எனாமல், நடைவண்டிக் கம்பி, எல்லாம் சேர்ந்து கூரையிலிருந்து திரும்பி வந்தன. நல்லது கெட்டது எதற்கும் முகம் மாற்றாத ஒரு மூதாட்டி நாக்கைக் கடித்துக்கொண்டு கேக் தட்டை அடித்தார். எல்லாரையும் விட உரக்கத் தட்டியவர் பால்காரர். பக்கத்தில் போய், எதிர்த்தவராயிற்றே என்று சைகையில் கேட்டேன். "பெரும்பான்மை முடிவு!" என்று என் காதுக்குள் கத்திவிட்டு மறுபடியும் தட்டினார். தங்கச்சி ஆரம்பத்தில் மூடியை மெதுவாக, திருட்டுத்தனமாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். அடித்துக்கொண்டே, "அம்மா, என்னை மன்னிச்சுக்கொள்!" என்று தமிழில் கூவினார்.

பத்து நிமிடம் முடிந்ததும் தலைவர் மேசை மணியை அடித்தார். ஒருவரும் நிறுத்தவில்லை. மறுபடியும் அடித்தார். காதுக் கருவிகள் எல்லாம் பைகளுக்குள் இருந்தன. எங்களில் ஒருவருக்கும் இந்த யோசனை வரவில்லை. தலைவருடைய முகம் வெளிறியது. அறிவித்தலில் பத்து நிமிடம் என்று எழுதிக் கையொப்பமிட்டவர் அவர். வரிசையின் முன்னால் ஓடமுடியாமல் ஓடி, கைகளை வீசினார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து இன்னும் வேகமாகத் தட்டினார்கள்.

அப்போது அத்தே சமையலறையின் இரட்டைக் கதவையும் திறந்து வைத்தார்.

பொரித்த இறைச்சியின் வாசம் கூடத்துக்குள் வந்தது. முன்வரிசையில் ஒரு கரண்டி நின்றது. பிறகு பக்கத்தில் ஒன்று. சத்தம் முன்னிருந்து பின்னுக்கு அடங்கிக்கொண்டே போனது. கடைசியில் கேக் தட்டு மட்டும் இரண்டு தரம் ஒலித்து ஓய்ந்தது. எல்லா முகங்களும் கதவுப் பக்கம் திரும்பியிருந்தன. நடைவண்டிகள் தாமாகவே மேசைகளை நோக்கி உருளத் தொடங்கின. குழுத் தலைவி காதடைப்பானைக் கழற்றினார். அவருடைய மூக்கும் அந்தப் பக்கம்தான் இருந்தது.

அத்தே நேராக அவரிடம் போய், "இருங்கோ, சாப்பிடுங்கோ," என்றார். தங்கச்சி ரோல்ஸ் தட்டோடு பின்னால் நின்றார்.

"மிக்க நன்றி. நாங்கள் மத்பக்க கொண்டுவந்திருக்கிறம்."

மத்பக்க என்பது வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வரும் மதியச் சாப்பாடு. டென்மார்க்கில் அமைச்சரும் கட்டிக்கொண்டு போவார், குழந்தையும் கட்டிக்கொண்டு போகும். குழுவினர் அனைவரும் பைக்குள்ளிருந்து பெட்டிகளை எடுத்து வைத்தார்கள். அத்தே அசையாமல் நின்றார். டாங்கி எதிரே வந்தபோது செய்ய ஒரு வழி இருந்தது. மத்பக்கவுக்கு எந்தப் பெரியம்மாவும் வழி சொல்லித்தரவில்லை. நீட்டிய சாப்பாட்டை ஒரு மனுசன் மறுப்பான் என்பது அவருடைய கணக்கிலும் இல்லை, எங்களுடைய கணக்கிலும் இல்லை.

"போச்சு," என்றார் தங்கச்சி எனக்கு மட்டும் கேட்க.

பால்காரர் தன் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து தலைவிக்கு எதிரே நின்றார். காதுக் கருவியை எடுத்து, ஊதி, மாட்டிக்கொண்டார்.

"என்ன கொண்டுவந்தனீங்கள்?"

"றை தானியப் பாணும் ஈரல் பசையும்."

"ஆர் செய்தது?"

"நான்தான். காலமை."

"எங்க?"

"வீட்டில."

"வீட்டில எங்க?"

தலைவி வாயைத் திறந்தார். காதுக் கருவிகள் எல்லாம் திரும்ப ஏறியிருந்தன.

"குசினியில," என்றார்.

"அது மேசைக்குக் கிட்டவோ, தூரவோ?"

முதலில் சிரித்தது கொமூன் அதிகாரி ஒருவர். பிறகு கேக் தட்டு மூதாட்டி. பிறகு கூடம் முழுக்க. தலைவியின் கழுத்திலிருந்து நெற்றிவரை சிவப்பு ஏறியது. அவரும் சிரித்தார். தடுக்கப் பார்த்தார், முடியவில்லை. பால்காரர் மட்டும் சிரிக்கவில்லை, கேள்விக்குப் பதில் வரட்டும் என்று காத்துக்கொண்டு நின்றார். தலைவி பெட்டியை மூடித் தள்ளிவைத்தார். அத்தே அந்த இடத்தில் இறைச்சியும் கிழங்கும் போட்ட ஒரு தட்டை வைத்து, கேட்காமலே சோஸை ஊற்றினார்.

அவர்கள் இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டார்கள். ரோல்ஸ் என்னவென்று கேட்டு அதையும் முடித்தார்கள். எதுவும் வாக்குத் தரவில்லை, முடிவு கூட்டத்தில்தான் என்றார் தலைவி. போகும்போது பால்காரருக்கு மட்டும் இரண்டு தரம் கைகொடுத்தார்.

முடிவு வரும்வரை அத்தே யாரோடும் பகிடி விடவில்லை. அடுப்புக்குப் பின்னால் இருந்த ஓடுகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். விட்டுக்கொடுக்கப் போகும் வீட்டை மினுக்குவதுபோல இருந்தது. சாமான் அலுமாரியிலிருந்த தன் சொந்தக் கத்திகளை ஒருநாள் எடுத்துத் துணியில் சுற்றிப் பார்த்தார், பிறகு திரும்ப வைத்தார். நான் கண்டதை அவர் காணவில்லை.

பிறகு மனேஜர் வந்தார். இந்தமுறை கடதாசிப் பெட்டி இல்லை. சமையலறை இருக்கும், அத்தே இருப்பார். ஒரு நிபந்தனை. பக்கத்து ஊர் முதியோர் இல்லத்துக்கும் இங்கிருந்தே சமைக்கவேண்டும். அங்கே சமையலறையை முன்னரே மூடிவிட்டார்கள். அங்கிருப்பவர்கள் இங்கே நடந்ததைக் கேள்விப்பட்டுத் தங்களுக்கும் அத்தேயின் சாப்பாடு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

அத்தே தங்கச்சியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். தங்கச்சி அவரைவிட இரண்டு மடங்கு பருமன். இருவரும் அடுப்பில் மோதாமல் தப்பியது ஆச்சரியம்தான். என்னையும் பிடித்து உலுக்கினார், மனேஜரையும் உலுக்கினார்.

கொஞ்சம் மூச்சு வந்ததும் தங்கச்சி கணக்குப் போட்டார். "அக்கா, ரெண்டு இல்லத்துக்கு எண்டால் ரெண்டு மடங்கு வேலை. இதுக்கோ நாங்கள் இந்தப் பாடு பட்டு வெண்டனாங்கள்?"

"அந்த ஆள் நாட்டை விட்டு ஓடின அடுத்தநாள் விடிய நாங்கள் என்ன செய்தனாங்கள் எண்டு நினைக்கிறாய்? றோட்டுக் கூட்டினனாங்கள். அவ்வளவு சனம் நிண்டு சாப்பிட்ட றோட்டு. பெரியம்மாதான் முதல் விளக்குமாறு. பிடி இந்தச் சட்டியை."

உருளைக்கிழங்கு மூட்டைகள் அன்றைக்கே வந்திறங்கின. மூன்று பேரால் ஆகாது என்று தெரிந்ததும் அத்தே கூடத்துக்குள் போய், வாங்கோ என்று தலையாட்டினார். நடைவண்டிகள் ஒவ்வொன்றாகச் சமையலறைக்குள் வந்தன. தலைவர் கழுத்துப் பட்டியைத் தோளுக்கு மேலால் எறிந்துவிட்டுக் கத்தியை எடுத்தார். கேக் தட்டு மூதாட்டி ஒரு கிழங்கை எடுத்து நீண்ட ஒரே சுருளாகத் தோல் உரித்து, மேலே தூக்கிக் காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். பால்காரர் தோலோடு பாதிக் கிழங்கையும் சீவித் தள்ளினார்.

"மெல்லிசாச் சீவுங்கோ! அங்க அரை இல்லம் பட்டினி கிடக்கும்," என்று அத்தே கத்தினார்.

"இந்தக் கத்தி சரியில்லை."

அத்தே அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, தன் சொந்தக் கத்திகளில் ஒன்றை அவர் கையில் கொடுத்து, பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்துகொண்டார். நான் இரண்டாவது மூட்டையை அவிழ்த்தேன்.